எல்லை தாண்டும் ஆற்றுக்குத் தரவுப் பகிர்வை அமைப்பது எப்படி?

ஓர் ஆற்றைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகள் பேச உட்கார்ந்ததும் "உங்களிடம் இருக்கும் தரவு முழுவதையும் கொடுங்கள்" என்று கேட்பதுதான் வழக்கம். அப்படிக் கேட்டால் கோப்பு பாதுகாப்புத் துறை வரை போய் அங்கேயே தங்கிவிடும். எந்த முடிவை எடுக்க இந்தத் தரவு என்பதை முதலில் ஒரு வரியில் எழுதுங்கள். வெள்ள எச்சரிக்கைக்கு மணிக்கொரு நீர்மட்டம் வேண்டும். தண்ணீரின் தரம் எப்படி மாறுகிறது என்று பார்க்க மாதம் ஒரு மாதிரி போதும். 1960-ன் சிந்து நதி ஒப்பந்தம் நாள்வாரி நீர்மட்டத்தையும் நீரோட்டத்தையும் மாதந்தோறும் அனுப்பச் சொன்னது. அதிகபட்சக் கெடு, அந்த மாதம் முடிந்து மூன்று மாதம். பங்கீட்டுக் கணக்குக்கு இந்தக் கெடு சரி, வெள்ளத்துக்கு உதவாது.

நிலையங்களைக் குறைவாகவே தேர்ந்தெடுங்கள். எல்லைக்கு இருபுறமும் ஒவ்வொன்று, பெரிய அணைக்குக் கீழே ஒன்று, முக்கியமான துணையாறு கலக்கும் இடத்துக்குக் கீழே ஒன்று என்றால் தொடங்கிவிடலாம். பிரம்மபுத்திரா விஷயத்தில் சீனாவும் இந்தியாவும் 2002-ல் செய்துகொண்ட ஏற்பாடு, மூன்று நிலையங்களின் மழைக்கால விவரங்களுக்கு மட்டும்தான்.

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இனிதான் வருகிறது: ஒரே எண் இரு நாட்டிலும் ஒரே பொருளைத் தர வேண்டும்.

உயரத்திலிருந்து தொடங்குங்கள். ரைன் ஆற்றின் மேல் லாஃபன்பர்க்கில் ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் பாலம் கட்டியபோது, இரு நாடுகளின் கடல்மட்ட அடிப்படைக்கும் 27 செ.மீ. வித்தியாசம் இருப்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. திருத்தத்தை எதிர்த்திசையில் போட்டதால் 2003-ல் இரு கரைகளுக்கும் 54 செ.மீ. இடைவெளி வந்தது. ஆகவே அளவுகோலின் பூஜ்யப் புள்ளி எந்த அடிப்படையில் எத்தனை மீட்டர், திருத்தம் கூட்டலா கழித்தலா என்பதை ஒரு மாதிரிக் கணக்கோடு எழுதிவையுங்கள்.

அடுத்தது நேரம். 'நாள் மதிப்பு' ஒரு நாட்டில் காலை 8 மணி அளவாகவும் மறு நாட்டில் 24 மணி நேரச் சராசரியாகவும் இருக்கும். எல்லாப் பதிவையும் உலகப் பொது நேரத்தில் (UTC) குறியுங்கள். சராசரியா, ஒற்றை அளவா என்பதற்கு அட்டவணையில் தனி நெடுவரிசை வையுங்கள்.

வேதியியலில் சறுக்கும் இடம் நைட்ரேட். நைட்ரஜனாகக் கணக்கிட்ட 10 மி.கி., நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 44 மி.கி. எல்லைக்கு அப்பால் மாசு நான்கு மடங்கு என்று சண்டை மூளுவதற்கு இது ஒன்றே போதும். உலோகங்களில் வடிகட்டிய மாதிரியா, வடிகட்டாததா என்பதைக் கட்டாயம் குறியுங்கள்; சேறு கலந்த வெள்ளத்தில் இரண்டும் வெகுதூரம் விலகும். கருவியால் கண்டறிய முடியாத அளவை 0 என்று போடாதீர்கள், '0.5-க்குக் கீழ்' என்று கண்டறியும் வரம்போடு எழுதுங்கள். அளக்காத நாளை வெற்றாக விடுங்கள்.

நீரோட்டத்தை அனுப்பும்போது நீர்மட்டத்தையும், மட்டத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடும் வளைகோட்டையும் சேர்த்து அனுப்புங்கள். பெரிய வெள்ளம் ஆற்றுப் படுகையை அரித்துவிட்டால் பழைய வளைகோடு பொய் சொல்லும். மட்டம் கையில் இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம். திருத்தும்போது பழைய கோப்பின் மேல் எழுதாமல், தேதியிட்ட புதுப் பதிப்பாக வெளியிடுங்கள்.

நம்பிக்கை பிறப்பது கூட்டு மாதிரியெடுப்பில். ஆண்டுக்கு இரண்டு முறையாவது இரு குழுக்களும் ஒரே பாத்திரத்தில் நீரெடுத்து, கலக்கிக்கொண்டே இரு பங்காகப் பிரிக்க வேண்டும். கலக்காமல் ஊற்றினால் வண்டல் ஒரு பக்கமே போகும். உலோகத்துக்கான புட்டியில் நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச் 2-க்குக் கீழ் கொண்டுவாருங்கள். நைட்ரேட்டுக்கான புட்டி அமிலம் சேர்க்காமல் 4 டிகிரி குளிரில் இருக்கட்டும். கரைந்த ஆக்சிஜனை ஆற்றங்கரையிலேயே அளந்துவிடுங்கள். முடிவுகள் எவ்வளவு விலகினால் மறுபரிசோதனை என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். 20 சதவீதத்தில் தொடங்கலாம். முடிவு வந்தபின் வரம்பு பேசினால் அது பேரமாகிவிடும்.

விபத்து எச்சரிக்கையை இந்த வழக்கமான தடத்தில் ஏற்றவே கூடாது. 1986 நவம்பர் 1-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் அருகே சான்டோஸ் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது, தீயணைத்த தண்ணீரோடு பூச்சிக்கொல்லிகள் ரைனில் இறங்கின. அத்தகைய நேரத்தில் யாரும் மாத அறிக்கைக்குக் காத்திருக்க முடியாது. டான்யூப் நாடுகள் 1997-லிருந்து தனி எச்சரிக்கை அமைப்பை நடத்துகின்றன. 2000-ல் ருமேனியாவின் பாயா மாரே தங்க ஆலையில் சயனைடு கசிந்தபோது கீழ்ப்பகுதி நாடுகளுக்கு அதன் வழியாகத் தகவல் போனது.

எச்சரிக்கைப் படிவம் ஒரே பக்கம். பொருளின் பெயர், அதன் சிஏஎஸ் எண் (வேதிப்பொருளுக்கு உலகெங்கும் பொதுவான அடையாள எண்), உத்தேச அளவு, இடம், தொடங்கிய நேரம், அப்போதைய நீரோட்டம். கட்டங்களுக்கு எண் கொடுத்துவிட்டால் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்க வேண்டாம். அளவு தெரியவில்லை என்றால் 'தெரியவில்லை' என்றே அனுப்புங்கள்; உறுதியான எண்ணுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மாசு எல்லை தாண்டிவிடும். எல்லை 180 கி.மீ. தூரத்தில் இருந்து, நீர் வினாடிக்கு 1 மீட்டர் ஓடினால் மாசு வந்துசேர 50 மணி நேரம். மாசின் முன்முனை அதற்கு முன்பே வரும். வெள்ள அலைக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது, அது தண்ணீரைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு வேகமாக நகரும். மதகு திறக்கும் செய்தியும் இதே தடத்தில் போகட்டும்: எத்தனை மணிக்கு, எவ்வளவு, எந்த வேகத்தில் கூட்டுவார்கள். ஒத்திகையை விடுமுறை நாள் இரவில் வையுங்கள், ஓட்டை அப்போதுதான் தெரியும்.

மறு தரப்பு தயங்கினால் சர்வதேசச் சட்டத்தைச் சுட்டிக்காட்டலாம். 2014-ல் அமலுக்கு வந்த 1997-ன் ஐ.நா. நீர்வழி உடன்படிக்கை, அதில் சேர்ந்த நாடுகளுக்குத் தரவுப் பரிமாற்றத்தைக் கடமையாக்குகிறது. கையில் இல்லாத தரவைக் கேட்டால், திரட்டும் நியாயமான செலவைக் கேட்கும் நாட்டிடம் பெறலாம். தேசப் பாதுகாப்புக்கு இன்றியமையாத தகவலைத் தரத் தேவையில்லை. ஐரோப்பாவில் தொடங்கிய, எல்லை தாண்டும் நீருக்கான 1992-ன் ஹெல்சிங்கி உடன்படிக்கையில் 2016 முதல் எந்தக் கண்டத்து நாடும் சேரலாம். உறவு கசந்திருந்தால் வெள்ளத் தரவிலிருந்து தொடங்குங்கள். உயிர்களைக் காக்கும் எண்ணை மறுப்பது எந்த அரசுக்கும் கடினம்.

ஒப்பந்தத்தில் அதிகாரியின் பெயர் வேண்டாம், பதவியையும் 24 மணி நேரமும் ஆளிருக்கும் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். நிலையத்தை இடம் மாற்றினாலோ கருவியை மாற்றினாலோ முன்னறிவிப்பு கொடுத்து, சில மாதங்கள் பழையதையும் புதியதையும் சேர்த்தே ஓட்டுங்கள்.