ராவைக்குப் பத்து நிமிஷம்: பிள்ளையள வாசிக்கப் பழக்குற விதம்

போன கிழமை மட்டக்களப்பு கல்லடியில தெரிஞ்ச அக்கா ஒராள கண்டன். மகன் மூணாம் ஆண்டு, "புத்தகத்த கண்டாலே ஓடுறான்கா, போன குடுத்தா மட்டும் ஆடாம அசையாம இருக்கான்" எண்டு ஒரே கவலை. எங்கட வீட்டிலயும் ரெண்டு வருஷத்துக்கு முதல் இதே கதைதான், அதால நாங்க செஞ்சத அப்படியே வரிசையா எழுதுறன், காசு பெரிசா தேவல்ல.

முதல் வேலை, புத்தகத்த கீழ இறக்குங்க. நாங்க எல்லாத்தையும் ஷோகேசுக்குள்ள அடுக்கி பூட்டி வச்சிருந்தம், பிள்ள தொட்டா கிழிஞ்சிரும் எண்டு. மறுகா ஒரு பழைய பிளாஸ்டிக் கூடைய எடுத்து பாய் சுருட்டி வைக்கிற மூலையில வச்சு, அஞ்சாறு கதைப்புத்தகத்த அட்டை தெரியிற மாதிரி நிப்பாட்டினன். கிழிஞ்சா கிழியட்டும். அந்தக் கூடைக்குள்ள ஸ்கூல் புத்தகமோ பயிற்சிப் புத்தகமோ போடாதீங்க, போட்டா பிள்ளைக்கு உடன விளங்கிரும், இதுவும் படிப்புத்தான் எண்டு.

ரெண்டாவது, நேரம். ராச்சாப்பாடு முடிஞ்சு பாய் விரிச்சாப் பிறகு பத்து நிமிஷம், அவ்வளவுதான். ரீவி ஓஃப், போன் எல்லாம் குசினிக்குள்ள, நம்மடயும் சேத்து. இதுதான் கஷ்டம். இவர் முதல் கிழமையே ரெண்டு தரம் கிரிக்கெட் ஸ்கோர் பாக்கப் போய் மகளிட்ட பிடிபட்டார்.

இனி வாசிச்சுக் காட்டுற விதம், இதுலதான் கன பேர் பிழை விடுற. நாம வீட்டில "ஒண்டு", "போனான்" எண்டு கதைக்கிறம், புத்தகத்தில "ஒன்று", "சென்றான்" எண்டு கிடக்கு, சின்னப் பிள்ளைக்கு அது வேற ஆக்கள்ர பாஷை மாதிரி. அதால புதுப் புத்தகம் எண்டா முதல் நாள் படத்த காட்டி நம்மட பேச்சிலயே கதைய சொல்லுங்க. அடுத்த நாள் வரிக்குக் கீழ விரல வச்சு உள்ளபடி வாசிங்க, கதை ஏற்கனவே தெரியும் எண்டதால "சென்றான்" எண்டா என்ன எண்டு பிள்ள தானாவே பிடிச்சிரும். பக்கத்த பிள்ளதான் திருப்பணும். நல்ல இடம் வரக்குள்ள நிப்பாட்டிட்டு "மிச்சம் நாளைக்கு" எண்டு சொல்லிப் பாருங்க, அடுத்த நாள் பாய அவங்களே விரிப்பாங்க.

பிள்ள வாசிக்கக்குள்ள பிழை விட்டா உடன திருத்தாதீங்க. எங்கட மகள் ஒருநாள் "வீட்டின் பின்னால் வாளை நின்றது" எண்டு வாசிச்சா. நம்மட பக்கம் ழ-வும் ள-வும் வாயில ஒண்டுதானே. நான் ஒண்டும் சொல்லல்ல, அவ படத்த பாத்தா, வாழைமரம் குலையோட நிக்குது, "அம்மா, மீன் எப்படி வளவுக்குள்ள நிக்கும்" எண்டு விழுந்து விழுந்து சிரிச்சா. அதுக்குப் பிறகு அந்தச் சொல்லில பிழை வரல்ல.

வாசிச்சு முடிய "கதையில இருந்து என்ன படிச்ச? சொல்லு பாப்பம்" எண்டு கேக்காதீங்க, தயவுசெஞ்சு. அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப் சோதினை வருது எண்டு ரெண்டாம் ஆண்டிலயே வினாத்தாள் குடுக்கிற ஊர் இது, பிள்ளைக்கு கேள்வி இல்லாத ஒரு பத்து நிமிஷமாவது இருக்கட்டும். அவங்களா கேட்டா கதைங்க.

அடுத்தது லைபிரரி. மட்டக்களப்பு டவுனில பொது நூலகம் இருக்கு, கல்முனை, அக்கரைப்பற்று பக்கம் உள்ளாக்களுக்கு அங்கயே இருக்கு. பிள்ளைர பேரிலயே அங்கத்துவம் எடுங்க, என்னென்ன கடிதம் வேணும் எண்டு கவுண்டரில கேட்டா சொல்லுவாங்க. புத்தகத்த பிள்ளையே தெரிவு செய்யட்டும், அறுபது பக்கத்தில மூணே மூணு படம் உள்ளத தூக்கிட்டு வந்தாலும் பேசாம இருங்க. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம், அப்ப போட்டி, கண்காட்சி எல்லாம் வைக்கிற, கூட்டிட்டுப் போங்க. தூர இடத்தில இருக்கிறாக்கள் நூலகம் எண்ட இணையத்தளத்த பாருங்க, 2005ல இருந்து ஈழத்துப் புத்தகங்கள ஸ்கேன் பண்ணி சும்மாவே வாசிக்க விட்டிருக்காங்க, சிறுவர் புத்தகமும் கிடக்கு. அத போனில காட்டாம நாலு பக்கம் பிரிண்ட் எடுத்துக் குடுக்கிறது நல்லம்.

வீட்டில வயசான ஆக்கள் இருந்தா உங்களுக்கு யோகம். அம்மம்மாவ நொடி, அதான் விடுகதை, போடச் சொல்லி, பிள்ளைய ஒரு கொப்பியில எழுதவிடுங்க, பக்கத்தில விடைய படமா கீறட்டும். "கதவு இல்லாத வெள்ள வீட்டுக்குள்ள மஞ்சள் ராசா" எண்டு எழுதி, கீழ முட்டைக்கு கிரீடம் வச்சு கீறி இருக்கா மகள். தான் எழுதினத திருப்பித் திருப்பி வாசிக்கிறதுக்கு ஒருத்தரும் சொல்லத் தேவல்ல.

ஒரே புத்தகத்த திரும்பத் திரும்பக் கேட்டா சலிக்காம வாசிங்க. எங்கட வீட்டில ஒரு ஆமைக் கதை இருக்கு, அட்டை கழண்டு மூணு தரம் டேப் ஒட்டியாச்சு. இப்ப அத சின்னவன் தலைகீழா பிடிச்சுக்கொண்டு, ஒரு எழுத்தும் தெரியாம, முழுக் கதையையும் அம்மம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுறான்.