சோற்றைக் குறைக்கும் முன் சுகரை அளக்கப் பழகுங்கள்

பேலியோ, கீட்டோ என்று உணவுமுறையின் பெயர் எதுவாக இருந்தாலும், தட்டில் மாவுச்சத்து குறைந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சுகரும் குறையும். அந்தச் சுகரைத் தசைக்குள் அனுப்பக் கணையம் சுரக்க வேண்டிய இன்சுலினும் குறைவாகவே தேவைப்படும். ஆனால் உங்கள் உடம்பில் இது எப்படி நடக்கிறது என்று அளந்து பார்த்தால்தான் தெரியும்.

படி 1: மருந்துச் சீட்டை எடுங்கள்

இதைத் தாண்டி யாரும் போகவேண்டாம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். மாத்திரை அளவை மாற்றாமல் சோற்றை மட்டும் பாதியாக்கினால் சுகர் 70-க்குக் (மி.கி./டெ.லி.) கீழே இறங்கிவிடலாம். இன்சுலின் ஊசிக்கும் இதே கதைதான். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்க வேண்டும்.

சுகரைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறொரு ஆபத்து. மாவுச்சத்தை மிகவும் குறைத்தால் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் பெருகலாம். சுகர் அதிகமாக ஏறாமலேகூட இது நடக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டைப் 1 சர்க்கரை நோய் (கணையம் இன்சுலினே சுரக்காத வகை) உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் டாக்டர் இல்லாமல் தொடங்கவே கூடாது.

படி 2: இப்போது எங்கே நிற்கிறீர்கள்?

வெறும் வயிற்றுச் சுகரும், சுமார் 3 மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் எச்பிஏ1சி-யும் எடுங்கள். வெறும் வயிற்றில் 100 முதல் 125, எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 126, 6.5 என்ற அளவுகளிலிருந்து சர்க்கரை நோய். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டலாம், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். முந்தைய நிலையில் இருப்பவர்கள் மனம் தளரவேண்டாம். 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் நடையையும் மாற்றியவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் அபாயம் சுமார் 28 சதவீதம் குறைந்திருந்தது.

படி 3: வீட்டில் குளுக்கோமீட்டரில் அளப்பது

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள். மாம்பழம் நறுக்கிய விரலில் குத்தினால் பழத்தின் சர்க்கரையும் சேர்ந்து ஏறிவிடும். நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறை. ஒரு நாள் நான்கு இட்லி சாம்பார், மறுநாள் ஒரு இட்லியும் இரண்டு முட்டையும் என்று மாற்றி அளந்து, நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். மீட்டரில் 15 சதவீதம் வரை முன்பின் இருக்கலாம். 132-க்கும் 140-க்கும் வித்தியாசம் தேடாதீர்கள்.

படி 4: தட்டை மாற்றுவது

ஒரு கப் சோற்றில் சுமார் 45 கிராம் மாவுச்சத்து. அரை கப்பாகக் குறைத்து, மீதி இடத்தைக் கீரை, பொரியல், மீன், முட்டை, பனீரால் நிரப்புங்கள். கேழ்வரகுக் களிக்கு மாறினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். நார்ச்சத்து கூடுதல், உண்மைதான். ஆனால் 100 கிராம் கேழ்வரகு மாவிலும் 70 கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு.

படி 5: காலைச் சுகர் பிடிவாதம் பிடித்தால்

சாப்பாட்டுக்குப் பின் 115, ஆனால் காலை வெறும் வயிற்றில் 108 என்று நிற்பது பலரையும் பயமுறுத்துகிறது. விடியற்காலை ஹார்மோன்கள் தூண்ட, கல்லீரல் தானே குளுக்கோஸை வெளியிடுகிறது. கொழுப்பை எரித்துப் பழகிய தசைகளும் அதை அவ்வளவாக எடுப்பதில்லை. 3 மாதம் கழித்து எச்பிஏ1சி எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையை டாக்டர் எழுதினால், மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுவதை முன்பே சொல்லிவிடுங்கள். அதற்கு முந்தைய 3 நாளும் தினம் 150 கிராமாவது மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் சுகர் பொய்யாக ஏறிக் காட்டலாம்.