கறுப்பின வரலாற்று மாத விழாவில் எம்மவர் விடும் பிழைகள்

ஜனவரியில் கனடாத் தமிழருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. தமிழ் மரபுத் திங்கள், பொங்கல் விழா, பட்டிமன்றம், மாணவர் போட்டி என்று வார இறுதிகள் எல்லாம் நிரம்பிவிடும். மண்டபக் கணக்கைத் தீர்த்துவிட்டு நிமிர்ந்தால் பெப்ரவரி வந்திருக்கும். அப்போதுதான் யாராவது ஒருவர் வாட்ஸப் குழுவில், "கறுப்பின வரலாற்று மாதத்துக்கும் ஏதாவது செய்யவேண்டாமா?" என்று கேட்பார். நல்ல கேள்விதான். ஆனால் ஒக்ரோபரில் கேட்டிருக்க வேண்டியது.

பெப்ரவரியில் கறுப்பினப் பேச்சாளர்களையும் கலைஞர்களையும் ஒவ்வொரு பள்ளிக்கூடமும் நூலகமும் வங்கியும் ஒரே நேரத்தில் தேடும். இரண்டாம் வாரத்தில் மின்னஞ்சல் போட்டு, "வருகிற சனிக்கிழமை பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று கேட்டால், ஒப்புக்குக் கூப்பிடுகிறார்கள் என்பது அவருக்கு உடனே விளங்கிவிடும். காசு விடயம் இதைவிட மோசம். மண்டபத்துக்கும் ஒலியமைப்புக்கும் கொத்துரொட்டிக்கும் கணக்கில் இடம் இருக்கும். பேச்சாளருக்கு மட்டும் பொன்னாடையும் நினைவுக் கேடயமும். பொன்னாடை எங்களுக்குப் பெரிய மரியாதை. வேலைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறவருக்கு அது ஒரு துணி. சன்மானம் எவ்வளவு என்பதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். நிகழ்ச்சி நிரலை அச்சடித்த பிறகு மேடைக்கு அழைப்பதைவிட, நிரல் போடும் கூட்டத்துக்கே இரண்டு மூன்று கறுப்பின அயலவர்களை அழைப்பது நல்லது. கீழே சொல்லப்போகிற பிழைகளில் பாதி அந்த ஒரு வேலையாலேயே நின்றுவிடும்.

நிரலைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மங்கல விளக்கு, இரண்டு தேசிய கீதம், அகவணக்கம், வரவேற்புரை, தலைவர் உரை, பிறகு வாசலில் நின்று கைகொடுத்த அரசியல்வாதிகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு மூன்று நிமிடம். சிறப்புப் பேச்சாளர் ஒலிவாங்கியைப் பிடிக்கும்போது சனம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும். இதை எங்கள் எழுத்தாளருக்குச் செய்தாலே பாவம், விருந்தாளிக்குச் செய்யலாமா?

அறிவிப்பாளர்கள் ஆண்டுதோறும் சொல்லும் ஒரு பகிடி உண்டு: "வருடத்தில் குறைந்த நாள் உள்ள மாதத்தைத்தான் அவர்களுக்குக் கொடுத்தார்கள்." யாரும் கொடுக்கவில்லை. அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்து, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைசெய்து, 1912-இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்ற கார்ட்டர் வுட்சன் என்ற வரலாற்றாசிரியர் 1926-இல் தொடங்கிய வாரம் இது. அடிமையாக இருந்து தப்பி அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய பிரெடெரிக் டக்ளஸ், ஆபிரகாம் லிங்கன் இருவரின் பிறந்தநாளையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடிவந்தார்கள். அவை வரும் வாரத்தை வுட்சனே தேர்ந்தெடுத்தார். அது பிறகு மாதமாக வளர்ந்தது. கனடாவில் அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுபோனவர், கிரெனடாவில் பிறந்து வீட்டுப் பணிப்பெண்ணாக இங்கே வந்து, நாட்டின் முதல் கறுப்பினப் பெண் நாடாளுமன்ற உறுப்பினரான ஜீன் ஒகஸ்டின். அவருடைய தீர்மானம் 1995 டிசம்பரில் ஒருமனதாக நிறைவேறியது.

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய பிழை, கனடாவில் நின்றுகொண்டு அமெரிக்கக் கதையை மட்டும் சொல்வது. மார்ட்டின் லூதர் கிங், ரோசா பார்க்ஸ், ஒபாமா. மூன்று படம், மூன்று பந்தி, கைதட்டல். சொல்லாமல் சொல்லப்படும் செய்தி, இனவெறி எல்லைக்கு அந்தப் பக்கத்து நோய் என்பது. கனடாவைச் சேர்த்தாலும், தப்பியோடிய அடிமைகளுக்கு அடைக்கலம் தந்த நாடு என்பதோடு முடிந்துவிடும்.

ஒன்ராறியோவின் தென்மேற்கில் ட்ரெஸ்டன் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1830-இல் கென்டக்கியிலிருந்து தப்பிவந்த ஜொசாயா ஹென்சன், விடுதலையானவர்களுக்காகக் குடியிருப்பும் பள்ளியும் அமைத்தது அதன் அருகில்தான். அடைக்கலக் கதைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. நூறு ஆண்டு கழித்து அதே ஊரில் கறுப்பினத்தவருக்கு உணவகத்தில் சாப்பாடு கிடையாது, முடிதிருத்தும் கடையில் நாற்காலி கிடையாது. இரண்டாம் உலகப்போரில் இராணுவத்தில் இருந்த தச்சுத் தொழிலாளி ஹியூ பேர்னெட்டும் அயலவர்களும் சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1949-இல் ஊர்ச்சபை இதை வாக்கெடுப்புக்கே விட்டது: உணவகங்கள் எல்லாரையும் ஒன்றாக நடத்தவேண்டும் என்று விதி போடலாமா? வேண்டாம் என்றவர்கள் 517 பேர். வேண்டும் என்றவர்கள் 108 பேர். போராட்டம் ரொறன்ரோவுக்கு வந்து, தொழிற்சங்கங்களும் யூத அமைப்புகளும் சேர்ந்துகொள்ள, 1954-இல் மாகாணம் சட்டம் போட்டது. அதன் பிறகும் ஊரில் ஓர் உணவகம் மசியவில்லை. வழக்குகள் முடிந்து 1956-இல்தான் வழிக்கு வந்தது. இன்று ஒன்ராறியோவில் ஒரு கடைக்காரர் எங்களைப் பார்த்து "உனக்கு இங்கே இடமில்லை" என்று சொல்ல முடியாது என்றால், அந்தப் பாதுகாப்பின் வேரில் ட்ரெஸ்டன் இருக்கிறது. இதை எந்தத் தமிழ் மேடையிலும் நான் கேட்டதில்லை.

பத்து டொலர் தாளில் இருக்கும் வயோலா டெஸ்மண்டைச் சொல்லாதவர்கள் குறைவு. ஆனால் "கனடாவின் ரோசா பார்க்ஸ்" என்ற ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள். அவர் திரையரங்கில் எழும்ப மறுத்தது 1946-இல். பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்தது 1955-இல். சுவை விவரத்தில்தான் இருக்கிறது. டெஸ்மண்ட் அழகுக்கலைப் பள்ளி நடத்திய தொழிலதிபர். கார் பழுதானதால் நோவா ஸ்கோஷியாவின் நியூ கிளாஸ்கோ ஊரில் படம் பார்க்கப் போனார். வெள்ளையருக்கென்று வைத்திருந்த கீழ்த்தள இருக்கைக்குக் கூடுதல் காசு தர அவர் தயாராக இருந்தும், வாங்க மறுத்து, இழுத்துப்போட்டு, இரவு முழுக்கச் சிறையில் வைத்தார்கள். வழக்கில் சொன்ன குற்றம், மேல்தளச் சீட்டுக்கும் கீழ்த்தளச் சீட்டுக்கும் இடையிலான ஒரு சதம் வரியைக் கட்டவில்லை என்பது. தோல் நிறம் என்ற சொல்லே வழக்கில் வரவில்லை.

அடிமைமுறை கனடாவில் இருந்ததே பலருக்குத் தெரியாது. இருநூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. 1793-இல் குளோயி கூலி என்ற பெண்ணைக் கட்டிப் படகில் ஏற்றி, நயாகரா ஆற்றுக்கு அந்தப் பக்கம் விற்கக் கொண்டுபோனார்கள். அவர் அலறிப் போராடியதைக் கண்ட சாட்சிகளால்தான் மேல் கனடாவில், அதாவது இன்றைய ஒன்ராறியோவில், அடிமைமுறையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. அதுவும் ஏற்கெனவே அடிமையாக இருந்த ஒருவரையும் விடுவிக்கவில்லை.

சாப்பாட்டிலும் வேடத்திலும் கொஞ்சம் கவனம். 2023 பெப்ரவரி முதல் நாள், நியூயோர்க் மாநிலத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் கோழியும் வாஃபிளும் வத்தகப்பழமும் பரிமாறி, பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். பழத்தில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றும். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட மக்கள் வத்தகை பயிரிட்டு விற்று நிமிர்ந்தபோது, அதையே வைத்து அவர்களைச் சோம்பேறிகள், தின்பண்டப் பைத்தியங்கள் என்று படம் வரைந்து கேலிசெய்தார்கள். நூறு ஆண்டுக் கேலி அது. அதேபோல, மாறுவேடப் போட்டியில் பிள்ளையைக் கிங் ஆக்கவேண்டும் என்று முகத்தில் கரி பூசாதீர்கள். கோட்டும் ரையும் போதும்.

'கறுப்பினத்தவர்' என்றால் ஒரே ஆள் என்று நினைப்பதும் உண்டு. ஸ்காபரோவில் ஒரே மாடிக் கட்டடத்தில் ஜமெய்க்காக்காரர், சோமாலியர், எரித்திரியர், கானாக்காரர் எல்லாரும் இருப்பார்கள். 1783 அளவில் நோவா ஸ்கோஷியாவுக்கு வந்த குடும்பங்களின் வழியில் வந்தவரிடம் போய், "எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள்?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

மேடையில் எங்கள் ஆட்கள் தவறாமல் சொல்லும் இன்னொன்று, "உங்கள் வலி எங்களுக்குத் தெரியும்." 83 கலவரத்தில் தொடங்கி முள்ளிவாய்க்காலில் முடிப்பார்கள். பேச வந்தவர் கேட்க வந்தவராகிவிடுவார். உறவைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் உண்மையான கணக்கு ஒன்று இருக்கிறது. 1951-இல் கனடா செய்த ஒப்பந்தப்படி, இலங்கையிலிருந்து ஆண்டுக்கு 50 பேர்தான் குடியேறலாம், இந்தியாவிலிருந்து 150. 1954 ஏப்ரலில் டொனால்ட் மூர் தலைமையில் கறுப்பினத்தவர் குழு ஒன்று ரொறன்ரோவிலிருந்து ஒட்டாவாவுக்குப் போய், நிறம் பார்த்துக் கதவடைக்கும் குடிவரவுச் சட்டத்தை மாற்றச் சொன்னது. ரயிலில் பணியாளாக இருந்த தொழிற்சங்கவாதி ஸ்டான்லி கிரிசலும் அதில் இருந்தார். அப்படிப் பலர் தட்டித் தட்டித்தான் 1967-இல், நிறம் பார்க்காமல் படிப்புக்கும் தொழிலுக்கும் புள்ளி போட்டு ஆளெடுக்கும் புள்ளி முறை வந்தது. எங்கள் முதல் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் அந்தக் கதவால்தான் உள்ளே வந்தார்கள். மேடையில் இதைச் சொல்லி நன்றி சொல்லலாம். வீட்டில் பிள்ளைகள் முன்னால் 'காப்பிலி' என்ற இழிசொல்லைச் சொல்வதை விட்ட பிறகு.

மார்ச் வந்ததும் பதாகையைச் சுருட்டிவைக்காதீர்கள். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834-இல் நடைமுறைக்கு வந்த ஓகஸ்ட் 1, கனடாவில் விடுதலை நாள். 2021-இலிருந்து நாடாளுமன்றமும் அதை ஏற்றிருக்கிறது. பெப்ரவரிப் பனியில் முதியவர்களைக் கூட்டிப்போக முடியாத இடத்துக்கு அப்போது போகலாம். ஹென்சன் வாழ்ந்த வீடு ட்ரெஸ்டனில் அருங்காட்சியகமாக இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து நெடுஞ்சாலை 401-இல் மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரு பேருந்தைப் பிடித்து, பாதி இருக்கைகளை அயலில் இருக்கும் கறுப்பினக் குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். திறந்திருக்கும் நாட்களை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டை நீங்களே முடிவு செய்யாமல், வருகிறவர்களிடமும் கேட்டுவிடுங்கள்.