இங்கிலாந்து மாளிகைகளுக்கு ஸ்காட்லாந்து அட்டை

இங்கிலாந்தில் நேஷனல் டிரஸ்டின் (பழைய மாளிகைகளையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் அறக்கட்டளை) பழைய மாளிகைகளைப் பார்க்க, ஸ்காட்லாந்து நேஷனல் டிரஸ்டில் உறுப்பினராகுங்கள். ஆண்டுச் சந்தா பெரும்பாலும் அங்கேதான் குறைவு. இரண்டும் தனித்தனி அமைப்புகள். ஆனாலும் ஒன்றின் உறுப்பினரை மற்றது இலவசமாக உள்ளே விடும். டெர்பிஷயரில் 1590களில் எழுந்த ஹார்ட்விக் ஹால் (சுவரைவிடக் கண்ணாடி அதிகம் என்று பெயர் வாங்கிய வீடு), கட்டடக் கலைஞர் ராபர்ட் ஆடமின் கைவண்ணமான கெடல்ஸ்டன் ஹால் இரண்டுக்கும் தனி டிக்கெட் வேண்டாம்.

ஆனால் அதே வட்டாரத்துச் சாட்ஸ்வொர்த்தும் ஹேடன் ஹாலும் நேஷனல் டிரஸ்டுக்குச் சொந்தமில்லை. அங்கே இந்த அட்டை செல்லாது. சாட்ஸ்வொர்த்தின் பூங்காவெளியில் மட்டும் காசில்லாமல் நடக்கலாம், கார் நிறுத்தத்தான் கட்டணம். அப்புறம், ஒரே ஒரு வீடுதான் பார்ப்பதாக இருந்தால் சந்தா எதற்கு? டிக்கெட்டே மலிவு.