உட்பொதி தொகுதிச் செய்முறை வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் உட்பொதி தொகுதி (ஒரு கருவிக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் சிறு கணினி) பற்றிய செய்முறைகளை நடத்தப் புதிதாக வரும் போதனாசிரியர்கள், எங்கள் தலைமுறை செய்த பிழைகளையே திரும்பச் செய்கிறார்கள். கம்பியை இடம் மாற்றிச் செருகுவது, அரைப்புள்ளியை மறப்பது போன்றவற்றை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மின்வழங்கலைப் பாராமல் நிரலைத் திருத்துவது

நிலாவெளிப் பக்கத்து வெங்காயத் தோட்டத்தை மனதில் வைத்து, மண் காய்ந்ததும் சிறு நீர்ப்பம்பியை இயக்கும் கருவியொன்றை ஒரு குழு அமைத்தது. பம்பி புறப்பட்ட கணமே ஆர்டுயினோ ஊனோ பலகை (நிரலை ஏற்றிக் கருவியை இயக்கும் சிறு கட்டுப்பாட்டுப் பலகை) நின்று முதலிலிருந்து மீளத் தொடங்கியது. உடன் நின்ற போதனாசிரியர் நிரலை வரிவரியாகத் திருத்தச் சொல்ல, அன்றைய செய்முறை முழுவதும் அதிலேயே கரைந்தது. நிரலிலோ பிழையே இல்லை. பம்பிக்கான மின்னும் பலகையின் 5 வோல்ற்று முனையிலிருந்தே எடுக்கப்பட்டிருந்தது.

நிற்கும் மோட்டர் புறப்படும்போது, ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். யூஎஸ்பி வழியாக வரும் 500 மில்லிஅம்பியர் அதற்குப் போதாமல் மின்னழுத்தம் சில மில்லிசெக்கன்கள் சரிய, கட்டுப்படுத்தி மீளத் தொடங்கிவிடும். பல்மானியில் இந்தச் சரிவு தெரியாது. அது 5 வோல்ற்று என்றே காட்டிக்கொண்டிருக்கும். மின்னழுத்த மாற்றத்தை வரைபடமாகக் காட்டும் அலைவுகாட்டியை ஒற்றைப் பதிவில் வைத்து, மின்னழுத்தம் 4.5 வோல்ற்றுக்குக் கீழே இறங்கும்போது பதியுமாறு அமைத்துப் பம்பியை இயக்கினால், அந்தப் பள்ளம் திரையில் அப்படியே நிற்கும்.

இது எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவது பலகை கெடுவதால் அல்ல. தாம் சரியாக எழுதிய நிரலையே சந்தேகிக்க மாணவர்கள் பழகிவிடுகிறார்கள் என்பதால்தான். நிரலின் தொடக்கத்தில் ஒரு வரியைக் கணினித் திரையில் அச்சிடச் செய்யுங்கள். அது இடையில் மறுபடி தோன்றினால் முதலில் மின்வழங்கலைச் சோதியுங்கள். பம்பிக்குத் தனி மின்வழங்கியும், இரண்டுக்கும் பொதுவான புவித் தொடுப்பும், மோட்டருக்குக் குறுக்கே பின்முகமாக ஓர் இருவாயியும் (டயோட்) வேண்டும். பம்பியைத் திரான்சிற்றர் வழியாகவே இயக்க வேண்டும். ஊனோவின் ஒரு முனை தாங்கும் உச்ச எல்லையே 40 மில்லிஅம்பியர்தான்.

கட்டி முடித்த சுற்றைக் கையில் கொடுப்பது

கொடுக்காதீர்கள்.

5 வோல்ற்றுச் சமிக்ஞையை நேரே ஈஎஸ்பி32க்குக் கொடுப்பது

ஈஎஸ்பி32 என்னும் கட்டுப்படுத்தியின் முனைகள் 3.3 வோல்ற்றுக்கானவை, மின்னழுத்தத்தை இரு தடையிகளால் பிரித்துக் கொடுங்கள்.

பிரெட்போர்டுகளைத் திறந்த அலுமாரியில் விடுவது

கடலோரத்து உப்புக்காற்றில், கம்பிகளைச் செருகிச் சுற்றமைக்கும் இந்தப் பலகைகளின் உள்தகடுகள் கறுத்து, தொடுப்பு விட்டுவிட்டு வரும். சிலிக்கா ஜெல் பையுடன் மூடிய பெட்டியில் வையுங்கள். நீண்ட விடுமுறைக்குப் பின் ஒவ்வொரு வரிசையின் தொடர்ச்சியையும் பல்மானியால் சோதித்த பிறகே மாணவர்களுக்குக் கொடுங்கள்.