நெடுந்தீவின் கல்வேலிகள்: பழுதுபார்க்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் இருக்கும் நெடுந்தீவில் மரபுரிமை வேலைக்கென்று புதிதாகப் போகும் குழுக்கள் செய்யும் பிசகுகளில் பலவற்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் திருத்தவே முடியாது.

சீமெந்து

ஊரவரைக் கேட்குமுன்பே செலவு மதிப்பீட்டில் சீமெந்து ஏறிவிடுகிறது. குறிகட்டுவான் துறையில் மூட்டைகள் படகேறிய பிறகு கூட்டம் வைத்து என்ன பயன்?

இங்குள்ள முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) வேலி சாந்தில்லாமல் அடுக்கியது. இடுக்குகளால் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழைநீரும் கடந்துபோகும். நிலம் சற்று இறங்கினால் கற்களும் கூடவே இறங்கி அமரும். இடுக்கைச் சீமெந்தால் அடைத்தால் வேலி ஒரே கட்டியாகி, அசைய வழியின்றி வெடிக்கும். பிறகு சீமெந்தைக் கொத்தினால் முதலில் உடைவது கல்தான். மாற்றுக்கல்லும் எளிதில் கிடையாது. கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைச் சட்டம் தடுக்கிறது.

பழைய சுண்ணாம்புச் சுவர்களிலும் இதே கேடுதான். சீமெந்துப் பூச்சு ஈரத்தை வெளியே விடாது. உப்பு பூச்சின் பின்னால் படிகமாகிக் கல்லை மாவாக்கும். பூச்சு பாளமாகக் கழன்று விழும்போது கல்லின் முகமும் அதோடு போய்விடும். அங்கே ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போதும். உவர்க் கிணற்று நீரும் கழுவாத கடல்மணலும் ஆகாது. பூசியதை ஒரு கிழமையாவது ஈரச்சாக்கால் மூடி வையுங்கள்.

வேலி சரிந்த இடத்தில் முதலில் இரு பக்கமும் படமெடுங்கள். விழுந்த கற்களைப் பருமன்வாரியாகத் தரையில் பரப்புங்கள். பெரியவை அடியில். ஒவ்வொரு கல்லும் கீழுள்ள இரண்டின் பொருத்தின்மேல் உட்கார வேண்டும். இடையிடையே வேலியின் முழு அகலத்துக்கும் நீண்ட கல்லைக் குறுக்கே வைத்து, நடுவைச் சில்லுக்கற்களால் இறுக்குங்கள். மேலே போகப்போக அகலம் குறையட்டும். எந்தக் கல்லின் எந்த முகம் வெளியே வரவேண்டும் என்பது அங்கேயே வேலி அடுக்கி வளர்ந்தவர்களுக்குக் கைப்பழக்கம். மதிப்பீடு எழுதும் நாளில் அவர்கள் பக்கத்தில் இருந்தால் சீமெந்து பட்டியலுக்கே வராது.

எல்லை

வேலிதான் வளவின் எல்லை. ஒரு முழம் நகர்ந்தாலும் காணித் தகராறு. உரிமையாளர் கனடாவில் இருந்தாலும் அழைத்துக் கேளுங்கள். அயல் வளவுக்காரரையும் நிற்கவைத்துக் கயிறு பிடியுங்கள்.

கோட்டை

தீவிலுள்ள பழைய கோட்டையில் தொல்லியல் திணைக்கள அனுமதியின்றிக் கை வைக்காதீர்கள்.

கூலி

வேலி அடுக்கத் தெரிந்த முதியவரைத் திறப்புவிழாவுக்கு மட்டும் அழைத்துப் பொன்னாடை போர்த்துவது அவமதிப்பு. தலைமை மேசனுக்குரிய சம்பளம் அவருக்குக் கொடுங்கள். கூட நின்று பழகும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நாட்கூலி கொடுங்கள். இரண்டையும் மதிப்பீட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.