பிக்கப்பில் பெரிய டயர்: வாங்குவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

பிக்கப்புக்குப் பெரிய டயர் போட நினைப்பவர்கள் முதலில் பார்ப்பது தோற்றம். ஆனால் டயரின் விட்டம் மாறினால் கியர் விகிதம், பிரேக், ஸ்டியரிங், ஸ்பீடோமீட்டர், ஸ்டெப்னி எல்லாம் கூடவே மாறும். எவ்வளவு மாறும் என்பதை டயர் கடைக்குப் போகும் முன்பே ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

டொயோட்டா ஹைலக்ஸில் பழக்கமான 265/65 ஆர்17 அளவையே எடுத்துக்கொள்வோம். 265 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச்சுவரின் உயரம், அதாவது அகலத்தில் 65 சதவீதம்: 172 மி.மீ. 17 அங்குல ரிம் 431.8 மி.மீ. பக்கச்சுவர் மேலும் கீழுமாக இரண்டு முறை வருவதால் மொத்த விட்டம் 776 மி.மீ. இதே கணக்கில் 265/70 ஆர்17 என்றால் 803 மி.மீ., 3.4 சதவீதம் அதிகம். பலரும் ஆசைப்படும் 285/70 ஆர்17 என்றால் 831 மி.மீ., 7 சதவீதம் அதிகம். இது ஏட்டுக் கணக்கு. ஒரே அளவு என்று எழுதியிருந்தாலும் நிறுவனத்துக்கு நிறுவனம் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலையும் பாருங்கள்.

தரை இடைவெளி கூடுவது விட்டத்தில் கூடியதில் பாதிதான். 285/70 போட்டால் 27 மி.மீ., 265/70 போட்டால் 13 மி.மீ. பின் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் குடத்துக்கு (இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் கியர்கள் இருக்கும் உருண்டைக்கு) அடியில் இடைவெளியைக் கூட்டப் பெரிய டயர் ஒன்றே வழி. சஸ்பென்ஷனை எவ்வளவு தூக்கினாலும் அந்தக் குடம் எழும்பாது. மணலிலும் சேற்றிலும் பிடிப்பு வேண்டும் என்பதற்காக மட்டும் பெரிய டயர் தேடுகிறீர்கள் என்றால், முதலில் இருக்கிற டயரில் காற்றைக் குறைத்துப் பாருங்கள். மணலில் 16–18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் டயர் தரையில் படியும் நீளம் கூடும்; அளவை மாற்றிக் கிடைக்கும் பிடிப்பைவிட இது பெரும்பாலும் அதிகம். அந்தக் காற்றில் வேகமாக ஓட்டக் கூடாது, வெடுக்கென்று திருப்பவும் கூடாது. தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி காற்று அடிக்க ஒரு 12 வோல்ட் கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.

இனி இழுவை. கிரவுன் பினியன் விகிதம் (டிஃபரன்ஷியலில் உள்ள கடைசி கியர் விகிதம்) 4.10 உள்ள வண்டியில் 7 சதவீதம் பெரிய டயர் போட்டால், அது 3.83 விகிதம் உள்ள வண்டி போல நடந்துகொள்ளும். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை சுமார் 6.5 சதவீதம் குறையும். காலி வண்டியில் சமதரையில் இது பெரிதாகத் தெரியாது. லோடு ஏற்றிக்கொண்டு கொண்டையூசி வளைவுகளில் ஏறும்போதுதான் தெரியும்: இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்கும், கிளட்சை அரைக்க வைத்து நகர்த்த வேண்டிவரும், பிளேட் சீக்கிரம் தேயும். ஆட்டோமேட்டிக்கில் கியர் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும், டார்க் கன்வர்ட்டர் (கிளட்சுக்குப் பதிலாக ஆயில் வழியே சக்தியைக் கடத்தும் பாகம்) லாக் ஆவது தள்ளிப்போகும், கியர் ஆயில் சூடேறும். பழைய இழுவை அப்படியே வேண்டுமானால் விகிதம் 4.39க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலையும் ஒரே விகிதத்துக்கு மாற்றியாக வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு 4எச் (நான்கு சக்கரமும் இயங்கும் வேக நிலை) போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) இறுகி உடையும்.

பிரேக்கிலும் இதே 6.5 சதவீதம் குறையும், இழுவையைவிட இதைத்தான் நாம் பெரிதாக எடுத்துக்கொள்கிறோம். டிஸ்க்கும் கேலிப்பரும் பழையவை. அவை தரும் முறுக்குவிசையும் பழையதே. சக்கரத்தின் ஆரம் கூடியதால் அதே மிதிக்குத் தரையில் கிடைக்கும் நிறுத்தும் விசை குறைகிறது. இதோடு எடையும் சேரும். கம்பெனி டயரிலிருந்து கனமான எல்டி (லைட் டிரக்) வகை ஆல் டெரெய்ன் (எல்லாத் தரைக்குமான) டயருக்குப் போனால் ஒரு சக்கரத்துக்கு 5 முதல் 8 கிலோ கூடுவது சாதாரணம். சுழலும் எடை என்பதால் ஓட வைக்கவும் கூடுதல் சக்தி வேண்டும், நிறுத்தவும் கூடுதல் சக்தி வேண்டும். டயர் மாற்றும் நாளிலேயே பிரேக் பேட் கனத்தைப் பாருங்கள், பிரேக் ஆயில் பழையதென்றால் மாற்றுங்கள். மலை இறக்கத்தில் வழக்கத்தைவிட ஒரு கியர் குறைத்தே இறங்குங்கள்.

ஸ்பீடோமீட்டர் 100 என்று பழைய டயரில் காட்டிய இடத்தில், இப்போது வண்டி 7 சதவீதம் கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். கம்பெனி மீட்டர்கள் பொதுவாகக் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வருவதால் உண்மையான பிழை வண்டிக்கு வண்டி மாறும். நேரான சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டி, போனின் ஜிபிஎஸ் வேகத்தோடு 40, 60, 80 என மூன்று இடங்களில் ஒப்பிட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஓடோமீட்டரும் குறைத்துக் காட்டும். மைலேஜ் பார்க்கும்போது பலரும் தவறுவது இங்கேதான். மீட்டரில் 550 கி.மீ. ஓடி 50 லிட்டர் டீசல் பிடித்தால் லிட்டருக்கு 11 என்று மனம் சோர்வார்கள். உண்மையில் ஓடியது 588 கி.மீ., மைலேஜ் 11.8. எடையாலும் கரடான டிரெட்டாலும் (தரையில் படும் மேற்பரப்பு) மைலேஜ் குறையத்தான் செய்யும். திருத்தாத மீட்டரை வைத்து அந்தக் குறைவை அளக்க முடியாது. சர்வீஸ் இடைவெளியையும் இதே 7 சதவீதம் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, டயர் உள்ளே சுற்ற இடம் இருக்கிறதா என்பது. முழு செட் வாங்கும் முன் ஒரே ஒரு டயரை ரிம்மில் ஏற்றி முன் சக்கரத்தில் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ரிவர்ஸில் உரசுவதைப் பலர் பார்ப்பதே இல்லை. பிறகு அந்தச் சக்கரத்தை 20–25 செ.மீ. உயர மரக்கட்டை மேல் ஏற்றி, சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் மறுபடி ஒடியுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள்: பம்பரின் கீழ் மூலை, ஃபெண்டர் லைனர், மட் ஃப்ளாப், முன் சக்கரத்துக்குப் பின்னால் கேபினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் பாடி மவுன்ட், உள்பக்கம் மேல் கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கை). லைனரை ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே தள்ளலாம், மட் ஃப்ளாப்பை வெட்டலாம். பாடி மவுன்ட்டில் உரசினால் அதை வெட்டி வெல்டிங் வைக்கச் சொல்பவர்கள் உண்டு. கேபின் எடையைத் தாங்கும் இடம் அது. அங்கே கை வைப்பதைவிட ஒரு அளவு சின்ன டயர் போடுவதே சரி.

லிஃப்ட் கிட் (வண்டியை உயர்த்தும் சஸ்பென்ஷன் பாகங்கள்) போட்டால் உரசாது என்பது பாதி உண்மை. நிற்கும்போது இடைவெளி கூடும். பள்ளத்தில் விழுந்து சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது சக்கரம் பழைய உச்சிக்கே போகும், பம்ப் ஸ்டாப்பை (சஸ்பென்ஷன் அமுங்குவதை நிறுத்தும் கட்டையை) உயர்த்தாதவரை. முன்பக்கம் 40–50 மி.மீ.க்கு மேல் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி சிவி பூட் (ஷாஃப்ட்டின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழியத் தொடங்கும். காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்பக்கச் சாய்வு) குறைந்து, நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நேரே நிற்காமல் அலையும். அலைன்மென்ட்டில் டோ (சக்கரங்கள் முன்னே உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பும் கடைகளே அதிகம்; காஸ்டர், கேம்பர் (சக்கரத்தின் பக்கச் சாய்வு) அளவுகளின் பிரிண்ட் அவுட்டைக் கேட்டு வாங்குங்கள். கீழ் ஆர்மின் கேம் போல்ட்டில் (கோணத்தைச் சரிசெய்யும் போல்ட்) காஸ்டரைக் கூட்டினால் சக்கரம் சற்று முன்னே நகரும், பாடி மவுன்ட் உரசலும் குறையும்.

ரிம் விஷயத்தில், 285/70 ஆர்17 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் 7.5 முதல் 9 அங்குலம் வரை. 7.5 அங்குலக் கம்பெனி ரிம் அந்த எல்லையின் விளிம்பில் நிற்கிறது. ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் வண்டியில் பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம்) குறைந்த ரிம் வாங்கினால் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்: உள்ளே ஆர்மில் உரசுவது தீரும், வெளியே பம்பரில் உரசும், வீல் பேரிங்குக்கும் பால் ஜாயின்ட்டுக்கும் சுமை கூடும்.

பக்கச்சுவரில் லோடு எண்ணைப் பாருங்கள். 112 என்றால் டயருக்கு 1120 கிலோ, 121 என்றால் 1450 கிலோ. பழையதைவிடக் குறைந்த எண் வேண்டவே வேண்டாம். எல்டி டயர் அதே சுமையைத் தாங்கக் கூடுதல் காற்று கேட்கும். கதவோரம் ஒட்டியிருக்கும் பழைய பிஎஸ்ஐ அதற்குப் பொருந்தாது. தயாரிப்பாளரின் சுமை அட்டவணைப்படி அடித்துவிட்டு, டிரெட்டின் குறுக்கே சாக்பீஸால் தடித்த கோடு போட்டு 30 மீட்டர் நேராக ஓட்டுங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. காலி வண்டிக்கும் லோடு வண்டிக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்; லோடு நிலையில் அட்டவணை சொல்வதற்குக் கீழே போகக் கூடாது.

வாங்குவது ஐந்து டயராக இருக்கட்டும். சின்ன ஸ்டெப்னியை மாட்டி 4எச்சில் ஓட்டினால் டிரைவ்லைன் இறுகும், ஏபிஎஸ் குழம்பும். 831 மி.மீ. டயர் பெட்டிக்கு அடியில் சங்கிலியில் ஏறி, சைலன்சர் குழாயில் படாமல் நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்சியில் உள்ள விவரம் தயாரிப்பாளரின் அசல் அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. ஆர்டிஓ அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளாமல் பணம் கட்டாதீர்கள். அதே மாடலின் வேறு வேரியன்ட்டுக்குத் தயாரிப்பாளரே தரும் அளவுக்குள் நிற்பதில் சிக்கல் மிகக் குறைவு.

லோடு ஏற்றி ஓடும் வண்டிக்கு எங்கள் பரிந்துரை, அனுமதி கிடைக்கும் பட்சத்தில், 265/70 வரைதான். கியரைத் தொட வேண்டாம், லிஃப்ட்டும் பெரும்பாலும் தேவைப்படாது. எந்த அளவு போட்டாலும் பேலன்சிங் முடிந்ததும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு, குறுக்குக் குறுக்காக முறுக்க வேண்டும். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி முறுக்கிப் பார்த்து, லைனரிலும் பக்கச்சுவரிலும் உரசிய பளபளப்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வண்டி உயர்ந்திருந்தால் ஹெட்லைட்டையும் அன்றே கீழிறக்கிவிடுங்கள்.